கழுவினால் போகாத பயம்!



போன வருஷம் என் கை வெடிச்சு ரத்தம் கசிஞ்சது ஞாபகம் இருக்கா? "சோப்பு ஒத்துக்கலை"ன்னு நான் சொன்னது பொய். தினமும் 40 தடவைக்கு மேல் கை கழுவினேன். கழுவாவிட்டால் என்னால் அம்மாவுக்கு நோய் வந்துவிடும் என்று ஒரே நினைப்பு. அர்த்தமில்லாத பயம் என்று தெரியும். ஆனாலும் நிறுத்த முடியலை.

மனநல மருத்துவர் இதை 'எண்ணச் சுழற்சி நோய்' (ஓ.சி.டி.) என்றார். சிலர் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார்களாம்.

சிகிச்சை என்ன தெரியுமா? பயப்படுவதைத் தொட வேண்டும். தொட்டபின் கழுவக் கூடாது! 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இது. பயங்களை ஏணிப்படி போல எழுதி, சின்னதில் ஆரம்பித்தோம். முதல் படி, கதவுக் கைப்பிடி. பதற்றம் ஏறியது. கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். மெல்ல இறங்கியது! கழுவாமலே பயம் இறங்கும் என்று மனசு கற்றுக்கொள்வதுதான் இதில் முக்கியம்.

பெரியவர்களுக்கும் இதே முறைதான். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. சிறுவர் என்றால் வீட்டாரும் பழக வேண்டும். "கை சுத்தமாம்மா?" என்று நான் கேட்டால், அம்மா பதில் சொல்லக் கூடாது. அம்மாவுக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம்!

இப்போது சாப்பிடும் முன் ஒரு தடவைதான். சில நாள் பயம் எட்டிப் பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும்.

யாரையும் கேலி செய்யாதீங்க. உங்களுக்கும் இருந்தால் என்னைப் போல் ஒளிக்காதீங்க. 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

– உங்கள் தோழி, 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு