ஆறரை இஞ்சு ஓட்டை

திருச்செங்கோட்டைத் தேடி வெளியூர்க்காரங்க வருவதற்கு முக்கியமான காரணம் ரெண்டு. ஒண்ணு மலைமேல் நிற்கும் அர்த்தநாரீஸ்வரர். இன்னொண்ணு போர்வண்டி. கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு எங்கே ஒரு ரிக் லாரி நின்றாலும் நம்பர் பிளேட்டைப் பாருங்க, டிஎன் 34 என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இந்த வண்டிகள் கப்பலேறிப் போயிருக்கின்றன. இந்தியாவின் போர்வெல் தலைநகரம் என்று பேர் வாங்கிய ஊர் இது.

ஒரு ஊர் எப்படி இப்படி ஒரு தொழிலைப் பிடித்தது என்று பல பேர் எழுதியாச்சு. எனக்கு அதைவிட இன்னொரு கேள்விதான் பெரிசாகத் தெரிகிறது: இந்த எந்திரம் ஒரு தோட்டத்துக்குள்ள வந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்துக்காரனோடும் கூடப்பிறந்த அண்ணன் தம்பியோடும் நமக்கு இருந்த உறவு என்ன ஆச்சு? அதுக்குப் பாறையிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கீழே இருப்பது சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். (சார்னோக்கைட் என்ற பேருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்த வகை. அதை வைத்து 1893ல் டி.எச். ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பேரை வைத்தார். அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான்.) காவிரி டெல்டாவில் மணலுக்குள் தண்ணி நிற்கிற மாதிரி இந்தப் பாறைக்குள் நிற்காது. பாறைக்கு நுண்துளையே கிடையாது என்று சொல்லலாம். தண்ணி இருக்கக்கூடிய இடம் ரெண்டே ரெண்டு: மேலே மட்கிப்போன, நம்மாளுங்க சுக்காம்பாறை என்று சொல்கிற அடுக்கு, அதுக்குக் கீழே கெட்டிப் பாறையில் அங்கங்கே ஓடுகிற வெடிப்புகள். மேல் அடுக்கு ஸ்பாஞ்ச் மாதிரி. கீழ் வெடிப்பு பைப் மாதிரி. பைப்பில் தண்ணி வேகமாக வரும். ஆனால் பைப்புக்குச் சேமிப்பு கிடையாது, மேலே இருக்கும் ஸ்பாஞ்ச் காய்ந்தால் பைப்பும் காலி. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

பழைய கெணறுகள் எல்லாம் அந்த ஸ்பாஞ்சுக்குள்ள வெட்டியவை. இருபது முப்பது அடி அகலத்துக்கு வெட்டினது சும்மா இல்லை. சுற்றிலும் மெதுவாகக் கசிகிற தண்ணி ராத்திரி முழுக்கச் சேர்ந்து நிற்க ஒரு தொட்டி வேண்டுமே. அதிலிருந்து கவலை ஓட்டி இறைத்தார்கள். மற்ற ஊரில் கமலை என்பார்கள். மாடு சரிவான வாரியில் இறங்கி நடந்தால் சால் மேலே வரும். இதில் கவனிக்க வேண்டியது, வாரியின் நீளம் தண்ணியின் ஆழத்துக்குச் சமமாக இருந்தாகணும். ஆழம் கூடினால் வாரி நீளணும், மாட்டின் நடை கூடணும், ஒரு நாளைக்கு இறைக்கும் சாலின் எண்ணிக்கை குறையும். அதனால் ஒரு அளவுக்கு மேல் ஆழம் போவதில் அர்த்தமே இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்திருந்தது பாட்டு. தமிழ்நாட்டு ஏற்றப்பாட்டுகள் பலவற்றில் எண் வரிசை உள்ளேயே பின்னியிருக்கும். களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது உண்மைதான், ஆனால் பாதி. யாருக்கு எத்தனை சால் பாய்ந்தது என்பதற்கு அது மீட்டரும்கூட.

1932ல் பைக்காரா, 1937ல் மேட்டூர் நீர்மின்சாரம் வந்தது. கொங்குப் பக்கம் கெணத்துக்கு மோட்டார் மாட்டுவது இந்தியாவின் பல பகுதிகளுக்கு முன்னாடியே தொடங்கிவிட்டது. மாடு போச்சு, பாட்டும் போச்சு. ஆனால் வரம்பு போகவில்லை. மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற பம்புக்கு இயற்பியல் ஒரு எல்லை போட்டிருக்கிறது. உறிஞ்சுவது என்று நாம் சொல்வது உண்மையில் காற்றழுத்தம் தண்ணியை மேலே தள்ளுவதுதான். கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் 25 அடி தாண்டினாலே திணறும். பழைய கெணறுகளுக்குள்ள பாதி ஆழத்தில் சுவரில் கல்தூண் பதித்து, அதன்மேல் மோட்டாரை உட்கார வைத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான்.

இந்த எல்லையை உடைத்தது ரெண்டு சாமான். ஒண்ணு தண்ணிக்குள்ளேயே மூழ்கி, கீழேயிருந்து தள்ளுகிற சப்மெர்சிபிள் மோட்டார். இன்னொண்ணு ஹேமர்.

பாறையைத் துளைக்க முன்பு மேலேயிருந்து அடித்தார்கள், அல்லது தேய்த்துத் தேய்த்து இறக்கினார்கள். நூறு அடி போக நாட்கணக்கு, வாரக்கணக்கு ஆகும். 1950களில் உருவான டிடிஎச் முறை, சுத்தியலையே ஓட்டைக்குள்ள அனுப்பிவிட்டது. ராடுக்குள்ள அழுத்தக் காற்று இறங்குகிறது. அடியில் பிட்டுக்கு நேர் பின்னாடி இருக்கிற பிஸ்டனை அது நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அடிக்க வைக்கிறது. அடித்து முடித்த அதே காற்று பாறைப்பொடியை அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. போர் போடும்போது ஊரே வெள்ளையாகிறதே, அந்தப் பொடிதான். ராடு சுற்றுவது ரொம்ப மெதுவாகத்தான். உடைப்பது முழுக்கக் காற்று. இன்றைய வண்டிகளின் கம்ப்ரஸர் சதுர இஞ்சுக்கு 300 பவுண்டும் அதுக்கு மேலேயும் தரும், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. ஏன் இவ்வளவு? ஓட்டைக்குள்ள 500 அடி தண்ணி நின்றால் அதன் எடையே 216 பவுண்டு அழுத்தம் கொடுக்கும். அதை எதிர்த்துத்தான் ஹேமர் அடிக்கணும். ஆழம் கூடக்கூட கம்ப்ரஸர் பெரிசாக வேண்டும், டீசல் கூடும். நூறு அடிக்கு நூறு அடி ரேட்டு ஏறுவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இந்த முறை பரவியதற்கு 1966-67 பீகார் பஞ்சம் ஒரு பெரிய காரணம். கெட்டிப் பாறைப் பகுதிகளில் குடிதண்ணிக்காக யுனிசெஃப் ரிக்குகளைக் கொண்டுவந்தது. போர் போட்ட பிறகு மேலே வைத்த கைப்பம்புகள் சீக்கிரம் உடைந்துபோக, சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து இந்தியா மார்க் 2 பம்பு வடிவமைக்கப்பட்டது. அதன் கள சோதனை நடந்தது கோயம்புத்தூர் பக்கம், 1970களில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போர்வெல்லைத் திட்டுவது இப்போது சுலபம். ஊர்க் கெணத்தில் சேந்த விடாமல் தள்ளி நிறுத்தப்பட்ட காலனி மக்களுக்கு, தங்கள் தெருவிலேயே யார் தயவும் இல்லாமல் அடித்துக்கொள்ளும் பம்பு என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஓட்டை கொடுத்த மரியாதையைக் கணக்கில் எடுக்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

சரி, தண்ணி வந்துவிட்டது. எவ்வளவு? "ரெண்டு இஞ்சு தண்ணிங்க" என்பார்கள். இந்த இஞ்சு ஒரு வேடிக்கையான அலகு. வெளியே வரும் தண்ணியை ஒரு தகரப் பெட்டி வழியாக விட்டு, அதன் முகப்பில் ஆங்கில 'வி' வடிவத்தில் 90 டிகிரியில் வெட்டிய வாயில் எத்தனை இஞ்சு உயரத்துக்குத் தண்ணி வழிகிறது என்று பார்ப்பதுதான் முறையான அளவு. இதில் உயரம் கூடும்போது அகலமும் கூடுது, வேகமும் கூடுது. அதனால் தண்ணியின் அளவு உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏறும். 1 இஞ்சு என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். 2 இஞ்சு என்றால் ஆயிரம் இல்லை, 2,900. 3 இஞ்சு சுமார் 8,000. பக்கத்துத் தோட்டத்தில் மூணு இஞ்சு, நமக்கு ஒண்ணரை என்றால் பாதி இல்லீங்க, அஞ்சில் ஒரு பங்குக்கும் கீழே. லட்சம் கோழி இருக்கும் ஒரு நாமக்கல் பண்ணைக்கு, கோழிக்கு கால் லிட்டர் வீதம் குடிக்க மட்டும் தினம் 25,000 லிட்டர் வேணும். ரெண்டு இஞ்சு போர் ஒன்பது மணி நேரம் ஓடினால் சரியாப்போச்சு. ஒரு இஞ்சு போர் ரெண்டு நாள் ஓடினாலும் அந்த ஒரு நாள் தேவைக்குப் பத்தாது. அதுவும் வண்டி நிற்கும்போது கம்ப்ரஸர் தள்ளுகிற அளவு, வெடிப்பில் காலங்காலமாகச் சேர்ந்த தண்ணியின் அளவு. மாசி பங்குனியிலும் அதே இஞ்சு வரும் என்று அந்தப் பெட்டி சொல்வதில்லை.

எங்கே போடுவது என்பதில் வேம்புக் கவைக்குச்சி, உள்ளங்கையில் எழுந்து நிற்கும் தேங்காய், சாவிக்கொத்து என்று பல கலை உண்டு. 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் மியூனிக் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெரிய அளவில் இதைச் சோதித்தார்கள். அதன் முடிவுகளை மறுபடி அலசிய ஜிம் என்ரைட், தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை என்று காட்டினார். அப்புறம் எப்படி நம்மூர் ஆள் சொன்ன இடத்தில் தண்ணி வந்துச்சு? சுக்காம்பாறை அடுக்கு நனைந்திருந்த காலத்தில் எங்கே போட்டாலும் கொஞ்சம் வந்திருக்கும். இப்போது அந்த அடுக்கு காய்ந்து, ஒல்லியான வெடிப்பைக் குறிபார்க்க வேண்டியிருப்பதால்தான் குச்சிக்கும் தோல்வி அதிகமாகத் தெரிகிறது. நிலத்தில் கம்பி நட்டு மின்தடை அளக்கும் கருவி இதைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதுவும் வெடிப்பைப் படம்பிடித்துக் காட்டாது, வாய்ப்பைத்தான் சொல்லும். வீட்டு மனையில் இந்தப் பிரச்சினையே இல்லை. பாறை எப்படி இருந்தாலும் ஈசானிய மூலையில்தான் போர்.

இனி அண்ணன் தம்பி விஷயம். கெணறு என்பது கூட்டுச் சொத்து. பாகப் பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பாகம்" என்று எழுதுவார்கள், மோட்டார் சர்வீஸிலும் அப்படியே. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முறை இருக்கும். அதில் சண்டை உண்டு, வெட்டுக்குத்துகூட உண்டு. இருந்தாலும் எல்லாரும் ஒரே தண்ணி மட்டத்தை எட்டிப் பார்த்தார்கள். ஆவணியில் மட்டம் இறங்கினால் நாலு பேரும் சேர்ந்து மரவள்ளியா சோளமா என்று பேசியாகணும். போர்வெல்லில் மட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது. அண்ணன் 600 அடி போட்டால் தம்பி 800. ரெண்டு பேர் ஓட்டையும் ஒரே வெடிப்பில் இறங்கியிருந்தால், தம்பி மோட்டார் ஓடும்போது அண்ணன் போர் காற்றுதான் இறைக்கும். 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் அவரவர் நிலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணியை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்துக்காரருக்கே கொடுத்திருக்கிறது. அது ரெண்டு மாடு இறைத்த காலத்துச் சட்டம். 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபோது இறைப்புச் செலவு என்ற கடைசித் தடையும் விலகியது. அந்த இலவசத்துக்குப் பின்னால் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களும் துப்பாக்கிச்சூடுகளும் இருக்கின்றன, அதைக் கொச்சைப்படுத்த நான் வரலை. 2003ல் தமிழ்நாடு நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் கொண்டுவந்து, 2013ல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நான் பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவன். ஒரு சர்வரை எத்தனை பேர் எத்தனை தடவை தட்டலாம் என்று ஒரு வரம்பு போடுவோம். அந்த வரம்பை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை, சில சமயம் பழைய மெஷின் மெதுவாக இருப்பதே வரம்பாக வேலை செய்யும். கவலை மாட்டின் நடையும் 25 அடி உறிஞ்சலும் அப்படித்தான் இருந்தன.

ஆழத்தில் இன்னொரு வில்லங்கம். பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணியில் ஃப்ளோரைடு கரைந்திருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லில் கறை, ரொம்ப அதிகமானால் எலும்பிலேயே கோளாறு. சேலத்திலிருந்து 1965ல் பிரிந்த தருமபுரிப் பக்கம் இது எவ்வளவு மோசம் என்பதற்கு, 2013ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பேரிலேயே ஃப்ளோரோசிஸ் இருப்பது சாட்சி.

காய்ந்துபோன போர் என்ன ஆகிறது? மேலே இறக்கிய கேசிங் பைப்புக்கு விலை உண்டு, அடுத்த போருக்கு ஆகும். அதை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூடியில்லாத வெறும் ஓட்டை. ஆறரை இஞ்சு. 2010லேயே உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஓட்டைகளை மண், கல் போட்டு அடிவரை மூடச் சொல்லி வழிமுறைகள் கொடுத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்தபோது, பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட வந்த பெரிய எந்திரங்களையும் இதே கெட்டிப் பாறைதான் தாமதப்படுத்தியது. குழந்தை பிழைக்கவில்லை. ஒரு லோடு மண்ணில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

பழைய கெணறுகள் பல இப்போது குப்பைக்குழி. நீச்சல் பழகிய பிள்ளைகள் டவுன் நீச்சல்குளத்துக்குக் காசு கட்டுகிறார்கள். ஆனால் ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் தோட்டங்களில் இன்னொன்றையும் பார்க்கலாம். போரில் வருவது முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு. அதை நேராக வயலுக்கு விட்டால் வாய்க்காலே குடித்துவிடும். அதனால் த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் போர்த் தண்ணியைப் பழைய கெணத்துக்குள்ள விழ விட்டுச் சேர்த்து, ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா கெணத்து மோட்டாரைப் போட்டு மொத்தமாகப் பாய்ச்சுகிறார்கள். சுற்றிலும் ஊற்று நின்றுபோன கெணறு, ராத்திரி முழுக்க 900 அடியிலிருந்து ஒழுகும் தண்ணியைப் பிடித்து வைக்கும் தொட்டியாக மறுபடி வேலை பார்க்கிறது.