குளுட்டாதயோன் மாத்திரை – வாங்கும் முன் தெரிந்து கொள்வோம்



சென்ற மாதம் ஒரு குழுவின் கணக்கு நோட்டைச் சரிபார்த்தபோது, உள்கடன் பக்கத்தில் "மருத்துவச் செலவு – ரூ.6,000" என்று ஒரு வரி இருந்தது. கடன் வாங்கிய அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தோம். ஊக்குநர் பதில் சொல்லத் தயங்கினார். பிறகு அந்த அக்காவே சொன்னார்: "உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. முகத்துல மங்கு, கழுத்தைச் சுத்திக் கறுப்பு. தண்ணியில போட்டா பொங்குற மாத்திரை, மூணு மாசம் சாப்பிட்டா வெள்ளையாயிரும்னு சொன்னாங்க. மூணு டப்பா வாங்கிட்டேன்."

டப்பாவை வாங்கிப் பார்த்தோம். எல்-குளுட்டாதயோன் 500 மில்லிகிராம், கூடவே வைட்டமின் சி. விற்றவரும் ஒரு குழு உறுப்பினர்தான். ஆள் சேர்த்தால் கமிஷன் கிடைக்கும் சங்கிலி வியாபாரம். அதற்குப் பிறகு நாங்கள் போன வேறு சில குழுக்களிலும் இதே பேச்சு. வாங்கியவர்களையோ விற்றவரையோ குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விஷயம் தெரிந்திருந்தால் அந்த ஆறாயிரம் வேறு நல்ல காரியத்துக்குப் போயிருக்கும்.

அது என்ன பொருள்?

பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருப்பது புரதம் என்று நமக்குத் தெரியும். புரதம் ஒரு பூமாலை என்றால், அதில் கோர்த்த ஒவ்வொரு பூவும் ஒரு அமினோ அமிலம். குளுட்டாமிக் அமிலம், சிஸ்டைன், கிளைசின் என்று மூன்றே மூன்று பூக்களைக் கோர்த்த சின்னச் சரம்தான் குளுட்டாதயோன். இதை நம் உடம்பே, ஒவ்வொரு செல்லிலும், தயாரிக்கிறது. அதிகமாகத் தயாராவது கல்லீரலில்.

இதன் வேலை என்ன? நறுக்கி வைத்த வாழைக்காய் காற்று பட்டுக் கறுத்துப் போகிறது, இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனால் உடம்புக்குள்ளும் இது போன்ற சேதம் நடந்து கொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் பொருட்களை ஆன்டி ஆக்சிடன்ட் என்கிறார்கள். குளுட்டாதயோன் அவற்றில் முக்கியமான ஒன்று. அதுமட்டுமல்ல, மருந்து, மது, நச்சுப் பொருள் ஆகியவற்றின் கழிவை உடம்பை விட்டு வெளியேற்றக் கல்லீரலுக்கும் இது உதவுகிறது.

"அப்படின்னா நல்ல பொருள்தானே, சாப்பிட்டா என்ன?" என்று கேட்பீர்கள். நல்ல பொருள்தான். ஆனால் வாய் வழியாகச் சாப்பிடும்போது, மற்ற புரதத்தைப் போலவே இதிலும் பெரும் பகுதியை வயிறும் குடலும் பூப்பூவாகப் பிரித்து விடுகின்றன. முழுச் சரமாக ரத்தத்தில் போய்ச் சேர்வது குறைவு. ஒரு முட்டையிலும் ஒரு கிண்ணம் பருப்பிலும் கிடைக்கிற அதே பூக்களுக்குத்தான் டப்பாவுக்கு இரண்டாயிரம் கொடுக்கிறோம்.

தோல் நிறத்துக்கு வருவோம். கறுப்பு நிறமியைத் தயாரிக்கும் நொதியைக் குளுட்டாதயோன் ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. குறைந்த ஆட்களை வைத்துச் சில வாரங்கள் நடந்த ஆய்வுகளில் நிறம் சிறிதளவு மங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த மாற்றமும் எல்லாருக்கும் வரவில்லை, நிலைத்ததாகவும் காட்டப்படவில்லை. அந்தக் கறுப்பு நிறமிதான் வெயிலில் களை எடுக்கிற நமக்கு இயற்கை கொடுத்த குடை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஊசி வேண்டவே வேண்டாம்

மாத்திரையை விட எங்களுக்குப் பயம் ஊசியில்தான். சில அழகு நிலையங்களில் இதை நரம்பு ஊசியாகவும் டிரிப்ஸாகவும் ஏற்றுகிறார்கள். நிறத்துக்காக இப்படி ஏற்றுவதைப் பற்றி பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரித்தது. கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் பாதிக்கலாம், உடம்பெல்லாம் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். பார்லரில் திடீரென மூச்சுத் திணறினால் காப்பாற்ற டாக்டரும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை.

கிரீம் விஷயத்திலும் கவனம் தேவை. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது செய்தியானது.

இதன் உறவுக்கார மருந்து

சிஸ்டைனிலிருந்து தயாரிக்கும் அசிட்டைல் சிஸ்டைன் என்ற மருந்து உண்டு. டாக்டர்கள் சுருக்கமாக என்.ஏ.சி. என்பார்கள். உடம்பு இதை வைத்துக் குளுட்டாதயோனைத் தயாரித்துக் கொள்ளும். கெட்டிச் சளியை இளக்க இதைக் கொடுக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரலைக் காப்பாற்றும் மாற்று மருந்து இது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் போடுகிற பாராசிட்டமால், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறுதான் உச்சம். மெலிந்த உடம்பு, குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு இருந்தால் அதைவிடக் குறைவு. அளவு மீறினால் கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் தீர்ந்துபோய் கல்லீரல் வெந்து விடும். ஆனால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. வாந்தி எடுத்துவிட்டு, "சரியாயிருச்சு, வீட்டுக்குப் போலாம்" என்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மஞ்சள் காமாலை தெரியும். என்.ஏ.சி. எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் பலன் மிக அதிகம். அதனால் தெரியாமலோ மனக் கஷ்டத்திலோ யாராவது நிறைய மாத்திரை விழுங்கியது தெரிந்தால், நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். இந்த வைத்தியத்தை வீட்டில் செய்ய முடியாது.

சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால்

ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் டப்பாவைப் படியுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், காலாவதி தேதி, "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். அந்த வாசகத்தை நன்றாக மனதில் வையுங்கள். "சுகர் குணமாகும், தைராய்டு குணமாகும்" என்று சொல்லி விற்றால் டப்பாவே அதை மறுக்கிறது.

ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளுட்டாதயோனோ என்.ஏ.சி.யோ தொடவே கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பயன்படுத்துபவர்கள் என்.ஏ.சி. சேர்த்தால் ரத்த அழுத்தம் சடாரென இறங்கும். தண்ணீரில் பொங்கும் மாத்திரைகளில் சோடியம் இருப்பதால் பி.பி. உள்ளவர்களுக்கு ஆகாது. லேசான அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது சிஸ்டைனில் உள்ள கந்தகத்தின் வாடை. தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் எழுதிய சுகர், பி.பி. மாத்திரைகளை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுவது மிகப் பெரிய தவறு.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, சேருவதற்குக் கட்டணம் வாங்கவோ, இத்தனை டப்பா வாங்கினால்தான் சேரலாம் என்று சொல்லவோ கூடாது. அடையாள அட்டையும் பில்லும் கட்டாயம். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அந்த அக்காவின் கதைக்கு வருகிறோம். அவர் கழுத்தின் கறுப்பு வெறும் நிறம் இல்லை. தொட்டால் வெல்வெட் மாதிரி தடித்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. அக்குளிலும் அப்படியே. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று பயிற்சியில் படித்திருக்கிறோம். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 168. அவருக்கு வயது முப்பத்தாறுதான். இரண்டு மாதமாக அந்தக் கறுப்பை வெளுக்க வைக்க மாத்திரை கரைத்துக் குடித்துக் கொண்டிருந்திருக்கிறார்!

இப்போது சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குகிறார், இலவசமாக. மாலையில் ஏரிக்கரை வரை நடக்கிறார். கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி. மூன்றாவது டப்பா பிரிக்காமல் இருக்கிறது, அதைத் திருப்பி எடுத்துக் கொள்ளச் சொல்லி விற்ற அக்காவிடம் குழுவே பேசி வருகிறது. அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்குச் செவிலியரும் சுகர் பார்க்கும் கருவியோடு வருகிறார். கழுத்தில் கறுப்பு உள்ளவர்கள் கூச்சப்படாமல் முன் வரிசையில் உட்காருங்கள்.