சாலைக் கணக்கு – 9: பக்கத்துலதானுங்க!

காலை ஏழு மணி, தொண்டாமுத்தூர். டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க ஒரு பெரியவர் வந்து நின்றார். ஹெல்மெட் ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்தது. ஏனுங்க போடலை என்று கேட்டேன். "இங்க பக்கத்துல சொசைட்டிக்குத்தானுங்க. வடவள்ளிப் பக்கம் போனா மாட்டிக்குவனுங்க" என்றார்.

போன வாரம் ஸ்வீடனைப் பற்றி எழுதியிருந்தேன். சாலையில் சாவே கூடாது என்பதை 1997இல் நாடாளுமன்றத்தில் வைத்து இலக்காக்கிய நாடு அது. அந்த ஊரும் நம்ம ஊரும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே ஓடுவது பெரும்பாலும் கார். இந்தியாவில் 2022இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029.

அதற்காக ஒப்பிடுவதையே விட்டுவிட முடியாது. 2002இல் ஸ்வீடன், பிரிட்டன், நெதர்லாந்து மூன்றையும் வைத்து 'சன்ஃபிளவர்' என்றொரு ஆய்வு வந்தது. யார் முதலிடம் என்பதோடு அது நிற்கவில்லை. நடந்து போனவர் எத்தனை பேர், மொபெட்டில் போனவர் எத்தனை பேர், எந்த வகைச் சாலையில் என்று சாவைப் பிரித்துப் பார்த்தது. பிறகு சீட் பெல்ட், குடித்துவிட்டு ஓட்டுவது என்று கீழே இறங்கியது. இவற்றை எண்ண யாரும் சாக வேண்டியதில்லை. எனக்கு அந்த ஆய்வில் பெரிதாகப் படுவது இதுதான். அதோடு, சாவுக் கணக்கே நாட்டுக்கு நாடு ஒன்றுபோல் இருப்பதில்லை. 2021இல் இந்தியாவின் பதிவுக் கணக்கு 1,53,972. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ 2 லட்சத்தைத் தாண்டுகிறது.

ஒப்பிட நமக்குச் சரியான ஜோடி வியட்நாம். தெருவெல்லாம் இருசக்கர வண்டி. முதலில் அங்கே குறிப்பிட்ட சாலைகளில் மட்டுமே ஹெல்மெட் கட்டாயம். மற்ற இடங்களில் நம் பெரியவரைப் போலத்தான் போனார்கள். 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலையிலும், ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் கட்டாயம் என்றானது. பல இடங்களில் போடுபவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினார்கள். அடுத்த மூன்று மாதத்தில் 20 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில் தலைக்காய அபாயம் 16 சதவீதமும் சாவு அபாயம் 18 சதவீதமும் குறைந்திருந்தன. குறையும் உண்டு: தரமில்லாத மலிவு ஹெல்மெட்டுகள் புழங்கின, குழந்தைகள் பலர் வெறுந்தலையோடு போனார்கள்.

நம் சட்டத்தில் 'பக்கத்துல' என்ற விலக்கு கிடையாது. அது நம் வாயில்தான் இருக்கிறது. ஆகவே எண்ணத் தொடங்க வேண்டிய இடம் சொசைட்டி வாசலும் நரசீபுரம் ரோடும் பள்ளிக்கூட முக்கும். ஒவ்வொரு மாதமும், அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று, எத்தனை தலையில் ஹெல்மெட், எத்தனை ஹேண்டில்பாரில் என்று எண்ண வேண்டும். வண்டியில் முன்னால் நிற்கும் குழந்தையைத் தனியாக எண்ண வேண்டும்.

(தொடரும்)