மீன் தோலும் கடுக்காயும்

மீன் வாங்கினால் சதையைச் சமைக்கிறோம், தலையைக் குழம்பில் போடுகிறோம். தோல்? முள்ளில்லாத துண்டுகளாகப் போடச் சொன்னால், உரித்த தோல் கடையிலேயே குப்பைக்குப் போய்விடும். அந்தத் தோலில் அழகான சில்லறைப் பர்ஸ் தைக்கலாம் என்றால் நம்புவீர்களா? மூக்கைச் சுளிக்க வேண்டாம், சகோதரிகளே! செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இது புதுமையும் இல்லை. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடும் ஆமூர் நதிக்கரைப் பெண்கள் சால்மன் மீன் தோலிலேயே மேலங்கி தைத்து, பூவேலை செய்து அணிந்தார்கள். ஐஸ்லாந்தில் மீன் தோல் செருப்பு உண்டு. ஒரு வழியைக் கடக்க எத்தனை ஜோடி தேயும் என்று சொல்லியே தூரத்தைக் கணக்கிட்டார்களாம்! மீன் தோலில் நார்கள் அடுக்கடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருக்கின்றன. அதனால்தான் மெல்லியதானாலும் லேசில் கிழிவதில்லை.

எனக்கு இதில் ஆசை வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது பாலாற்றங்கரை ஊர். "எங்க கிணத்துத் தண்ணியில பருப்பே வேகாது அண்ணி, குடிக்கக் கேன் தண்ணிதான்" என்பாள். இன்று உலகில் பதனிடும் தோலில் பெரும்பங்கு குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் ஓரிரு நாளில் தயார். ஆனால் அந்தக் கழிவும், தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பும் பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரைக் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மாசுபடுத்துகிறவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும், குரோம் வருவதற்கு முன்பே இதே மண்ணில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டுக் கப்பலேற்றியவர்கள் நம்மவர்கள். ஆவாரை செந்நிறம் தரும். கடுக்காய் அதை வெளுப்பாக்கும். வாழைப்பூவிலும் மாதுளைத் தோலிலும் நாக்கைப் பிடிக்கிறதே துவர்ப்பு, அதைத் தரும் டானின்தான் இங்கே வேலை செய்கிறது. தோலிலுள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொண்டால், தோல் அழுகாது.

இனி செய்முறை. கொடுவா, ரோகு போன்ற பெரிய மீனாகப் பாருங்கள். செதிலை நீக்கி, தோலை முழுசாக உரித்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் மீன்காரம்மா, "எதுக்கும்மா தோலு, பூனைக்கா?" என்று சிரித்தாள்! உடனே செய்ய முடியாவிட்டால் ஃப்ரீஸரில் வையுங்கள். உப்பு வேண்டாம்.

ஒட்டிய சதையையும் சவ்வையும் ஸ்பூன் விளிம்பால் சுரண்டுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, குளிர்ந்த நீரில் நாலைந்து முறை அலசுங்கள். வாடை கொழுப்பில்தான் இருக்கிறது. அது போனால் வாடையும் போகும்.

கடுக்காய் 200 கிராம் வாங்கி, கொட்டையை நீக்கி, நொறுக்கி, 2 லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள். மலிவான தேயிலைத் தூள் ஒரு பிடி சேர்த்தால் நிறம் கூடும். வடிகட்டி, நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு தோலைப் போட்டால் சுருண்டு கோந்தாகிவிடும்.

முதல் நாள் இந்தச் சாற்றில் பாதி, தண்ணீர் பாதி. எடுத்தவுடனே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளே சாறு இறங்காது. முதல் ஒரு மணி நேரம் அடிக்கடி கிளறுங்கள். மறுநாளிலிருந்து முழுச் சாறு; இரண்டு நாளைக்கொரு தடவை புதுச் சாறு மாற்றுங்கள். மேலே பூஞ்சை படர்ந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். ஓரத்தில் துளி நறுக்கிப் பாருங்கள். நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஊறட்டும். கொடுவாத் தோலுக்கு எனக்கு 8 நாள் ஆயிற்று.

பிறகு அலசி, ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயை அடித்து, இருபுறமும் தேயுங்கள். சில மணி நேரம் கழித்துத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். காயக் காய, கையால் இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அப்பளம்தான்! டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். கடைசியில் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்தினால், செதில் இருந்த இடமெல்லாம் கோலப்புள்ளி போல நிற்கும். சாவிக் கொத்து, சில்லறைப் பர்ஸ், புத்தக அடையாளம் எல்லாம் சாதாரண ஊசியாலேயே தைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பிளாஸ்டிக் வாளியோ கண்ணாடிப் பாத்திரமோதான் நல்லது. அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமலும் வையுங்கள். இரும்புச் சட்டி கூடவே கூடாது. டானின் இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அந்தக் காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் காய்ச்சினார்கள். இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் இதே டானின் தடுக்கும். கர்ப்பிணிகளும், இரத்தசோகை உள்ளவர்களும் டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

பட்டைச் சாறு என்பதால் கழிவே இல்லை என்று எண்ண வேண்டாம். மிஞ்சியதில் நிறையத் தண்ணீர் கலந்து கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்; கிணற்றடியில் கொட்டாதீர்கள். நாம் பர்ஸ் தைப்பதால் பாலாறு தெளிந்துவிடாதுதான். ஆனால் அடுத்த முறை கடையில் தோல் பையைக் கையில் எடுக்கும்போது, "இது பட்டையில் பதனிட்டதா, குரோமா?" என்று கேட்கத் தோன்றும். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் விசாரிப்பார். கேட்டுத்தான் பாருங்களேன்!