உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்ரேயில் தெரியாத முதுகு வாதம்

முக்கூடலில் பீடி சுற்றுபவருக்கும் தாமிரபரணி வயலில் நாற்று நடுபவருக்கும் முதுகு வலித்தால் வேலையின் மேல் பழி போடுவது வழக்கம். வேலையால் வரும் வலி ஓய்வில் பெரும்பாலும் தணியும். முதுகெலும்பு அழற்சி வாதமோ 45 வயதுக்குள் மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் முதுகை விறைக்க வைத்து, நடமாடினால் குறையும். எக்ஸ்ரே எலும்பில் ஏற்பட்டுவிட்ட சிதைவையே காட்டும். அது தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில், எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முன்கூட்டியே காட்டும். அதனால்தான் இந்த நோயை அடையாளம் காண வகுத்த 1984-இன் நியூயார்க் வரையறை எக்ஸ்ரேயை நம்பியிருக்க, 2009-இன் சர்வதேச வரையறை எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் முதுகுவலிக்காரர் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமா? கூடாது. இந்த வாதம் இல்லாத ஓட்டப்பந்தய வீரர்களிடமும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களிடமும் இதே நீர்க்கோவை தெரிவதுண்டு. செலவாகுமே என்ற தயக்கமும் நியாயமே. அறிகுறிகளை விசாரித்து, எக்ஸ்ரேயும் எச்.எல்.ஏ.-பி27 மரபணுக்கூறுக்கான ரத்தப் பரிசோதனையும் பார்த்து, சந்தேகம் தீராவிட்டால் ஸ்கேன் எடுப்பதே பொருத்தம். காலை விறைப்போடு வலி நீடித்தால், பாளையங்கோட்டையில் 1965 முதல் இயங்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.