‘அல்லது’ இல்லாத மொழியில் மறப்பது

விரலை வெட்டி எடுத்தால் முழுக் கையையும் வெட்டி எடுத்ததாகவே பொருள். ஸ்னோமெட் சிடி என்னும் மருத்துவக் கலைச்சொல் தொகுப்பின் ஒரு பதிப்பிலிருந்து கணினி இப்படி முடிவுகட்டியதை ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விதிகள் கொண்ட தொகுப்பு அது. இந்த அபத்தத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. சில விதிகள் ஒன்றுசேர்ந்து பெற்றெடுத்த முடிவு. நீக்க வேண்டியது முடிவை. கைக்குக் கிடைப்பதோ விதிகள். எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது?

இதற்கு 1985-இல் இலக்கணம் வகுத்தவர்கள் அல்சூரோன், யார்டன்ஃபோர்ஸ், மேக்கின்சன் ஆகிய மூவர். ஒரு நம்பிக்கையை விலக்குவது சுருக்கம். முரணான புதுச் செய்திக்கு இடம்கொடுப்பது திருத்தம். எதிர்நம்பிக்கையைச் சுருக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்தால் திருத்தம் கிடைத்துவிடும் என்பதால், சுருக்கத்தில்தான் உயிர்நாடி. தேவைக்கு மேல் இழக்காதிருக்க அவர்கள் வைத்த காவல் ‘மீட்பு’ விதி: நீக்கியதை மறுபடி சேர்த்தால் பழையவை எல்லாம் திரும்ப வேண்டும். வேகத்துக்காகக் குறுக்கப்பட்ட தர்க்கங்களில் இந்தக் காவல் உடைகிறது. அதற்குக் காரணம் கணினியின் நினைவுக் குறைவல்ல, அந்த மொழியில் ஒரு சொல் இல்லாததே என்பது என் வாதம்.

ஹார்ன் தர்க்கத்தை எடுத்துக்கொள்வோம். புரோலாக் என்னும் கணினி மொழியின் அடித்தளம் அது. ‘இதுவும் இதுவும் இருந்தால் அது’ என்று சொல்லலாம். முடிவில் ‘அது அல்லது இது’ என்று சொல்ல வழியில்லை. இரண்டு விதிகள்: மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்தால் வழுக்கும். ஆகவே மழை பெய்தால் வழுக்கும். இந்த முடிவை மட்டும் நீக்க, முதல் விதியை வைத்துக்கொண்டு இரண்டாவதை விடுகிறோம். முழுத் தர்க்கத்தில் அந்த இரண்டாவது விதி சுவடில்லாமல் போய்விடாது. ‘தெரு நனைந்திருந்தால் மழை பெய்திருக்கிறது, அல்லது வழுக்குகிறது’ என்ற மெலிந்த வாக்கியத்தை விட்டுச்செல்லலாம். பிறகு ‘மழை பெய்தால் வழுக்கும்’ என்பதைத் திரும்பச் சேர்த்தால், இரண்டு கிளையும் வழுக்கலில்தான் முடியும். தொலைந்த விதி முழுசாக எழுந்துவிடும். ஹார்னில் அந்த ‘அல்லது’ வாக்கியத்தை எழுதவே முடியாது. முடிவைத் திரும்பச் சேர்த்தாலும் விதி திரும்பாது.

அப்படியானால் முழுத் தர்க்கத்தையே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஒரு விதித்தொகுப்பு முரணற்றதா என்று பார்க்க ஹார்னில் தொகுப்பின் நீளத்துக்கு ஏற்ற நேரம் போதும். இதை டவுலிங்கும் காலியரும் 1984-இல் காட்டினார்கள். முழுக் கூற்றுத் தர்க்கத்தில் எல்லாத் தொகுப்புக்கும் விரைந்து முடியும் வழி இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கான விதிகளுக்கு முன்னால் இது சின்ன வித்தியாசமல்ல. இன்னொரு மறுப்பு கனமானது: மீட்பு விதியே சந்தேகத்துக்குரியது, நீக்கியதன் நிழலை எதற்குச் சுமக்க வேண்டும்? ஸ்வென் ஓவே ஹான்சன் உட்படப் பலர் அதில் குறைகண்டிருக்கிறார்கள்; குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அதை எடுத்துவிட்டால், ஒரு முடிவை நீக்கச் சொன்னதும் எல்லா நம்பிக்கைகளையும் கொட்டிக் கவிழ்க்கும் இயந்திரமும் மற்ற அடிப்படை விதிகளில் தேறிவிடும். அதனால்தான் ஹான்சன் வேறொரு காவல் வைத்தார்: நீக்கப்படும் ஒவ்வொன்றும் அந்த முடிவை உண்டாக்குவதில் பங்கு பெற்றிருக்க வேண்டும். அதன் துணையோடு ஹார்னிலும் நடுவழி கிடைக்கிறது. 2009-இல் பூத், மேயர், வர்சின்சாக் காட்டியது அதுதான்: மழை எடுத்துக்காட்டின் இரண்டு விதிகளில் ஒன்றை முழுசாக விடாமல் இரண்டையுமே மெலிய வைக்கலாம். மழை பெய்து தெருவும் நனைந்திருந்தால் வழுக்கும். மழை பெய்து வழுக்கவும் செய்தால் தெரு நனைந்திருக்கிறது.