வெயில் இழுத்த வண்டியா?

2017 ஜூலை 14 அன்று தில்லி சப்தர்ஜங் நிலையத்தில், கூரையில் சூரிய ஒளித் தகடுகள் தாங்கிய டீசல் ரயில் ஒன்று தொடங்கிவைக்கப்பெற்றது. வெயிலே வண்டியை இழுக்கிறதென்று நாமும் எண்ணினோம். கணக்கோ வேறு கூறிற்று.

பெட்டிக்கு 16 தகடுகள். தகட்டுக்கு 300 வாட். ஆறு பெட்டிகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 29 கிலோவாட். 1,600 குதிரைத்திறன் எஞ்சினோ சுமார் 1,200 கிலோவாட். ஆகவே வெயில் விளக்கையும் விசிறியையும் இயக்கிற்று. வண்டியை இழுத்தது டீசலே.

இக்கணக்கு இல்லத்துக்கும் பொருந்தும். மடக்கி எடுத்துச்செல்லும் 100 வாட் தகடு, நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 400 வாட்-மணி தரும். அதனை பாட்டரியில் சேமித்தால், 30 வாட் விசிறி பத்து மணிநேரம் சுழலும். 1,500 வாட் ஹீட்டரோ கால்மணிக்குமேல் தாங்காது.

மின்சாரம் நின்ற கோடை இரவில் குழந்தை உறங்க விசிறி போதுமன்றோ? அன்பர்களே, கணக்கிட்டு வாங்குவோம்.